வருகைப் பதிவேட்டில் இல்லாத குழந்தை

இங்கிலாந்தில் ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட ஒரு கடிதம் போதும். "இனி என் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கப்போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால், அது சிறப்புப் பள்ளியாக இல்லாதபட்சத்தில், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியாக வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை, அனுமதி கேட்கத் தேவையில்லை. உள்ளாட்சி நிர்வாகத்துக்குப் பள்ளி ஒரு தகவல் அனுப்பும், அதோடு சரி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியோ "வேறு வகையிலோ" படிக்கவைக்க வேண்டும் என்றது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலும் அதே சொற்கள் தொடர்ந்தன. வீட்டுக்கல்வி என்ற மொத்த உலகமும் அந்த "வேறு வகை"க்குள்தான் குடியிருக்கிறது.

2023 ஏப்ரலில் லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் நகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர் இப்படித்தான் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் அவள் முகத்தில் காயங்களைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் குழந்தைகள் நலப் பிரிவுக்குத் தகவல் கொடுத்திருந்தது. சில நாட்களில் அந்தக் கோப்பு மூடப்பட்டது. ஆகஸ்ட் 8 அன்று அவள் இறந்தாள். உள்ளாட்சியின் வீட்டுக்கல்விப் பிரிவு ஊழியர்கள் முந்தின நாள்தான் அவளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். போனது தவறான முகவரிக்கு. மறுபடி போவதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். தந்தையும் மாற்றாந்தாயும் கொலைக்குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 2024 டிசம்பர் 17 அன்று ஆயுள் தண்டனை பெற்றார்கள். பள்ளியில் இல்லாத குழந்தைகளுக்குக் கட்டாயப் பதிவேடு வேண்டும் என்று சொல்லும் மசோதா நாடாளுமன்றத்தில் தாக்கலானதும் அதே நாளில்தான். அவள் பெயர் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். எனக்கு இங்கே எழுத மனம் வரவில்லை.

இதை ஏன் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம் இலக்கிய வட்டத்தில் பள்ளிக்கு எதிரான ஒரு காதல் உண்டு. இருபது வயதில் 'டோட்டோ-சான்' படிப்போம். பிறகு ஜான் ஹோல்ட், இவான் இல்லிச். அதற்குள் நாமே வாங்கின அடிகளும் முட்டிபோட்டு நின்ற மதியங்களும் ஞாபகம் வந்துவிடும். "பள்ளிக்கூடமே ஒரு ஜெயில்தான்" என்று யாராவது பதிவு போட்டால் லைக்குகள் குவியும். என் பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்பப்போறதில்லை என்று அறிவிக்கும் நண்பர்கள் இப்போது எல்லோருக்கும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். (டோட்டோ-சான் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தைப் பற்றிய புத்தகம். கொபயாஷி என்ற தலைமையாசிரியர், பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர், அந்தக் குழந்தை பேசுவதை உட்கார்ந்து கேட்ட கதை. இதை அதன் ரசிகர்களே மறந்துவிடுகிறார்கள்.)

வீட்டுக்கல்வியை எதிர்த்து எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அதைச் சிறப்பாகச் செய்பவர்களை எனக்குத் தெரியும். நான் சண்டைபோடுவது அதை ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கோரிக்கையோடு. எங்க பிள்ளை, எங்க வீடு, யாரும் வந்து பார்க்கக் கூடாது என்கிற கோரிக்கையோடு.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஹோல்டே அதிர்ந்துபோவார். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த அவர் 1964இல் குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று எழுதினார். 1974இல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் சைல்ட்ஹுட்' அதைவிடக் காரமானது. குழந்தைக்கு ஓட்டுரிமை வேண்டும், சம்பாதிக்கும் உரிமை வேண்டும், தன் பாதுகாவலரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட வேண்டும் என்று கேட்ட புத்தகம் அது. எல்லாவற்றுக்கும் நான் உடன்பட மாட்டேன். ஆனால் கவனியுங்கள், அவர் கேட்டது குழந்தைக்கான உரிமை, பெற்றோரிடமிருந்தும்கூட விடுபடும் உரிமை. 1977இல் 'க்ரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற இதழைத் தொடங்கும்போதும் அவர் மனதில் இருந்தது அந்தக் குழந்தைதான். 1985இல் அவர் இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1983இல், மைக்கேல் ஃபாரிஸ் என்ற வழக்கறிஞர் இன்னொருவரோடு சேர்ந்து வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்திருந்தார். கிறிஸ்தவப் பழமைவாதம், நல்ல நிதி, நல்ல வக்கீல்கள். ஒரு மாநிலத்தில் ஒரு சின்னக் கண்காணிப்பு மசோதா வந்தாலும் சட்டமன்ற வளாகம் நிரம்பும்படி குடும்பங்களைத் திரட்டத் தெரிந்த அமைப்பு. இயக்கத்தின் எழுவாய் அங்கேதான் மாறியது. "குழந்தைக்குச் சுதந்திரம்" என்று தொடங்கிய வாக்கியம் "பெற்றோருக்குச் சுதந்திரம்" என்று முடிந்தது.

விளைவு? டெக்சஸ், மிச்சிகன், ஐடஹோ, ஒக்லஹோமா முதலிய பல மாநிலங்களில் ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு வீட்டில் கற்பிப்பதாக யாருக்கும் சொல்லவே வேண்டாம். சொல்ல வேண்டிய இடங்களிலும் பல இடத்தில் ஒரு படிவம், அவ்வளவுதான். ஐநாவின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்காத ஒரே உறுப்பு நாடு அமெரிக்கா. அதை ஏற்கக் கூடாது என்று முன்வரிசையில் நின்று பிரசாரம் செய்தவர்களில் அதே ஃபாரிஸ் ஒருவர்.

படிவத்தின் மதிப்பு என்னவென்று கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரம் காட்டியது. 2018 ஜனவரியில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகத் தப்பித்து 911ஐ அழைத்தாள். வீட்டுக்குள் அவளோடு பிறந்தவர்கள் பன்னிரண்டு பேர். இரண்டு வயது முதல் இருபத்தொன்பது வயது வரை. சிலர் கட்டிலோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். வீட்டில் மாத்திரை மருந்து ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது, அப்படியென்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். அந்த வீடு அரசு ஆவணத்தில் ஒரு தனியார் பள்ளி. பெயர் 'சாண்ட்காசில் டே ஸ்கூல்'. முதல்வர், அப்பாதான். கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு ஒருமுறை தகவல் படிவம் நிரப்பினால் போதும், உங்கள் வீடு ஒரு பள்ளி. அவர் நிரப்பினார். எந்த அதிகாரியும் கதவைத் தட்டவில்லை, தட்ட வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 2019இல் பெற்றோர் இருவருக்கும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். "இதெல்லாம் விதிவிலக்கு. லட்சத்துல ஒண்ணு. அந்த அரக்கர்களை வெச்சு எங்களை எடைபோடாதீங்க."

எடைபோடவில்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் மற்றவர்களைவிடக் கொடுமைக்காரர்கள் என்று நிரூபிக்கும் தரவு என்னிடம் இல்லை, அது என் வாதமும் இல்லை. வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஏற்கனவே ஒரு குழந்தையைச் சித்திரவதை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இந்தச் சட்டம் என்ன தருகிறது? குழந்தைகள்மீதான சித்திரவதையைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 28 குழந்தைகள்தான், அதுவும் மிகக் கொடூரமானவை என்று தேர்ந்தெடுத்த வழக்குகள். அதனால் அதை வைத்து நாட்டையே அளக்க முடியாது. ஆனாலும் அதில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் வீட்டுக்கல்வி என்ற பெயரில் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். பல வழக்குகளில் குழந்தைகள் நலத் துறையின் விசாரணை முடிந்த கையோடு எடுத்திருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் குழந்தைகள் உரிமை அலுவலகம் 2018இல் ஆறு பள்ளி மாவட்டங்களை எடுத்துக்கொண்டு, மூன்று வருடங்களில் வீட்டுக்கல்விக்கென்று விலகிய 380 பிள்ளைகளைத் தேடிப் பார்த்தது. 36 சதவீதம் பேரின் குடும்பங்கள்மீது துன்புறுத்தல் அல்லது புறக்கணிப்பு குறித்து ஒரு புகாராவது முன்பே பதிவாகியிருந்தது. புகார் என்பது குற்றம் ஆகாதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் விலகிப்போன பிறகு ஒருவர்கூடப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எதிர்த்தரப்பில் இதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். "இந்தக் குழந்தைகள் எல்லாரையும் அதிகாரிகளுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் கோட்டை விட்டாங்க. தப்பு அவங்க மேல. அதுக்கு எங்க வீட்டுக் கதவை ஏன் தட்டறீங்க?"

பர்மிங்ஹாம் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஏழு வயதுச் சிறுமி. 2007 டிசம்பரில் தாய் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்தார். பள்ளிக்குச் சந்தேகம். துணைத் தலைமையாசிரியர் சமூகப் பணித் துறைக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் சொன்னார், பள்ளி ஊழியர்கள் வீட்டுக்கே போனார்கள். 2008 மே மாதம் அந்தச் சிறுமி பட்டினியால் இறந்தாள், உணவு நிரம்பிய சமையலறையுள்ள வீட்டில். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்றது பிறகு வந்த மறுஆய்வு. ஆமாம், அதிகாரிகள் கோட்டை விட்டார்கள். ஆனால் அந்தக் கதையில் யார் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று பாருங்கள். தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடம். சட்டம் ஒரே கடிதத்தில் வெளியேற்றியதும் அவர்களைத்தான். வோக்கிங்கிலும் அதேதான் நடந்தது. அரசு எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்திருக்கிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் கழற்றிப் போட வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டார்.

பர்மிங்ஹாமுக்குப் பிறகு, 2009 ஜூனில், கிரஹாம் பேட்மன் என்பவரின் அறிக்கை வந்தது. எல்லா வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பதிவு. அதிகாரிகளுக்கு வீட்டுக்கு வரவும், பிள்ளையோடு தனியாகப் பேசவும் உரிமை. வீட்டுக்கல்விப் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. பேட்மன் தந்த புள்ளிவிவரம் பலவீனமானது, குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்க்கிறார் என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. 2010 மே தேர்தலுக்கு முன் அவசர அவசரமாக மசோதாக்களைப் பைசல் செய்தபோது பதிவேட்டுப் பிரிவுகள் கைவிடப்பட்டன. அடுத்த வருடம் டிசம்பரில், வேல்ஸின் கிராமம் ஒன்றில், வீட்டுக்கல்வியில் இருந்த எட்டு வயதுச் சிறுவன் ஸ்கர்வியால் இறந்தான். மாலுமிகளுக்கு வந்த நோய் என்று வரலாற்றுப் புத்தகத்தில் படிப்போமே, அதே ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல், ஈறு வீங்கி, கால் நடக்க முடியாமல் போகும் நோய். மாதக்கணக்கில் ஆகும் அதற்கு. அத்தனை மாதமும் வெளியாள் ஒருவர் கண்ணில் அவன் பட்டிருந்தால் ஒரு நெல்லிக்காய், ஒரு ஆரஞ்சுப் பழம் போதும்.

அவனுக்கும் வோக்கிங் சிறுமிக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். 2024 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 1,11,700 பேர் என்று அரசு மதிப்பிட்டது. மதிப்பீடுதான், எண்ணிக்கை இல்லை. மாடுகளுக்குத் துல்லியமான பதிவு வைத்திருக்கும் நாடு அது.

பள்ளிகள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. பலர் வீட்டுக்கல்விக்கு வருவது கொள்கையால் இல்லை, பள்ளி விரட்டியதால். ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தாங்க முடியாமல், "நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று நைச்சியமாகச் சொல்லித் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பள்ளிகள் இங்கிலாந்தில் உண்டு. நம் ஊரில் நாங்குநேரியை மறக்க முடியுமா? 2023 ஆகஸ்டில் தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளி பாதுகாப்பானது என்று யாராவது எழுதினால் நானே எதிர்த்து எழுதுவேன். ஆனால் நாங்குநேரி நமக்குத் தெரிந்தது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு போடப்பட்டது, அறிக்கை வந்தது, அது போதுமா போதாதா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். பள்ளியை விசாரிக்க ஆயிரம் ஓட்டைகளோடு ஒரு வழி இருக்கிறது. அந்த ஓட்டை வழிகூட வீட்டுக்கு வேண்டாம் என்பவர்கள், பள்ளியின் கொடுமைகளை ஆதாரமாகக் காட்டுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

அப்போ ஜெர்மனி மாதிரி ஒரேயடியாகத் தடை போடச் சொல்றீங்களா? சொல்லவில்லை. அங்கே 2013இல் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைக் காவலர்கள் வந்து சில வாரங்கள் எடுத்துப்போனார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் அதில் மீறல் இல்லை என்றது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம், அந்தக் காட்சி எனக்கு உவப்பில்லை. (இதைச் சொன்னதும் "அது ஹிட்லர் சட்டம்" என்று ஒருவர் தவறாமல் வருவார். கட்டாயப் பள்ளி 1919 வைமார் அரசியலமைப்பிலேயே இருக்கிறது.) 2020இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலே, வீட்டுக்கல்வி பொதுவாகத் தடைசெய்யப்பட வேண்டும், விதிவிலக்கு கேட்பவர்கள் காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்று எழுதினார். ஹார்வர்டு இதழ் அதற்கு ஒரு சித்திரம் போட்டது. புத்தகங்களாலான வீட்டுக்குள் சிறைப்பட்ட குழந்தை. அந்தப் புத்தகங்களில் ஒன்றின் முதுகில் 'அரித்மெடிக்' என்ற சொல்லே எழுத்துப்பிழையோடு இருந்தது. எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம், கேட்கவா வேண்டும்! பார்த்தலேயின் வாதங்களில் பாதி சரி. ஆனால் தடை என்ற சொல் வந்ததும் மிச்சப் பேச்சு எதுவும் காதில் ஏறாது.

இடதுசாரி நண்பர்கள் சொல்வதுதான் எனக்கு உண்மையில் தூக்கம் கெடுப்பது. அரசுக்குக் கதவைத் திறந்துவிட்டால் அது முதலில் யார் வீட்டுக்குள் போகும்? அமெரிக்காவில் பதினெட்டு வயதுக்குள் குழந்தைகள் நலத் துறையின் விசாரணைக்கு ஆளாகும் பிள்ளைகள் 37 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளில் மட்டும் எடுத்தால் 53 சதவீதம் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. அரசின் கண் நிறம் பார்க்கும், சாதி பார்க்கும். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சந்தேகத்தின் பேரில் தட்டும் கதவைவிட, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி தட்டும் கதவு மேல் என்கிறேன். சந்தேகம் பாரபட்சமானது. வருடாந்தர வழக்கம் அவ்வளவு பாரபட்சம் காட்டாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். பெற்றோர் வேலைக்கு வைக்காத ஒரு பெரியவர், ஆசிரியரோ மருத்துவரோ, வருடத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பிள்ளையை நேரில் பார்க்கட்டும், கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும். பாடத்திட்டத்தை அவர் தொடவே வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் தெரிகிறதா என்று சோதிப்பதைவிட, பிள்ளை சாப்பிட்டிருக்கிறதா, தூங்குகிறதா, பேசும்போது கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனித்தால் போதும். குடும்பத்தின்மீது விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது பள்ளியிலிருந்து எடுக்க முடியாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர் வீட்டில் இருந்தால் அனுமதி இல்லை. இதில் எதுவும் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை. பென்சில்வேனியாவில் வீட்டிலுள்ள பெரியவர்கள் குறிப்பிட்ட குற்றங்களுக்கு அண்மையில் தண்டனை பெற்றதில்லை என்று உறுதிமொழி தர வேண்டும், ஆண்டுதோறும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பிள்ளையோடு பேசி எழுதித் தர வேண்டும். அங்கே வீட்டுக்கல்வி செத்துப்போய்விடவில்லை, செழிப்பாகத்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து எடுக்க உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். அங்கேயும் வானம் இடிந்து விழவில்லை.

இவ்வளவு சின்னதைக்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவைப் பாருங்கள். 2018இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆசிரியர்கள் புகார் செய்த பிறகு வீட்டுக்கல்வி என்று சொல்லி எடுக்கப்பட்டவள். விசாரணை நிலுவையில் இருக்கும்வரை மட்டும் பிள்ளையை எடுக்கக் கூடாது என்று அவள் பெயரில் ஒரு மசோதா. நல்ல பெற்றோர் ஒருவரைக்கூடத் தொடாத மசோதா. 2019 முதல் திரும்பத் திரும்ப வந்து, திரும்பத் திரும்ப நிறைவேறாமல் போனது.

"தனியாப் பேசறது வன்முறை" என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் என் பிள்ளையை விசாரிப்பதா என்கிறார்கள். பிள்ளைக்கு அது சங்கடமாக இருக்கும், சரிதான். யாரிடம் பேசுவது என்பதைப் பட்டியலிலிருந்து பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், தெரிந்த இடத்தில் வைத்துப் பேசட்டும், நூலகத்தில், பூங்காவில். ஆனால் வருடத்தில் அரைமணி நேரம்கூட என் பிள்ளை நான் இல்லாமல் வேறொருவரோடு பேசக் கூடாது என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், அவர் என்ன புத்தகம் படித்திருந்தாலும் சரி, எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. பெற்றோரைச் சிறைக்கு அனுப்பாததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் வீட்டுக்கல்வி என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது, தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. ஆக, ஆறு வயதில் பள்ளிக்குப் போகாத ஒரு நடுத்தர வர்க்கப் பிள்ளை, பதினான்கு வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவுசெய்யும்வரை அரசின் கண்ணில் படாமலே வளரலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. செங்கல் சூளைக்குப் போவார்கள், கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போவார்கள், நரிக்குறவர் குடியிருப்புக்குப் போவார்கள். போக வேண்டியதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி அண்ணனைத் தாண்டிப் பதினோராவது மாடிக்கு அந்த நோட்டோடு யார் போவது? ரேஷன் அரிசிக்கு விரல் ரேகை கேட்கும் அரசு, காசுள்ள வீட்டில் பிள்ளை என்ன ஆனது என்று கேட்கக் கூச்சப்படுகிறது.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. தெரியவருவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. பள்ளிச் சுவரில் 1098 என்று பெரிதாக எழுதிவைத்திருப்பார்கள், அந்தச் சுவரைப் பார்க்காத பிள்ளைக்கு அந்த எண்ணை யார் சொல்லித் தருவது? அப்பாவா?

வீட்டுக்கல்வியைச் சட்டப்படி அங்கீகரிக்கச் சொல்லிக் கேட்கும் குரல்கள் இங்கே அதிகரித்துக்கொண்டிருக்கின்றன. அங்கீகாரம் கிடைக்கட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த மனுவை எழுதும் நண்பர்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: எங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பெற்றோரே முன்வந்து கேட்டால் விதிமுறையை எழுதும் மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும், யார் வர வேண்டும், என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று அவர்களே சொல்லலாம். கேட்காமல் விட்டால், முதல் செய்தி வரும் நாளில், டிவி விவாதங்களின் சூட்டில், இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு அதிகாரி ஒரே ராத்திரியில் ஒரு சுற்றறிக்கை எழுதுவார்.